பாஸ் அவுட் என்றால் மயக்கம், பாஸ் அவே என்றால் மரணம்! வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் காலை வாரும் ஆங்கில வினைகள்: நாகூர் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

நாகூர் தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. மஃரிப் தொழுகை முடிந்த நேரம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வாப்பாவின் நம்பரிலிருந்து போன் வருகிறது. எடுத்தால் பேசுவது வாப்பா இல்லை, கம்பெனி சூப்பர்வைசர். தமிழ் தெரியாதவர்.

"யுவர் ஃபாதர் பாஸ்டு அவுட் அட் வொர்க்" என்கிறார்.

போனை எடுத்தது கல்லூரியில் படிக்கும் மகள். 'பாஸ் அவே' என்றால் இறந்துபோவது என்று அவருக்குத் தெரியும். 'பாஸ் அவுட்' என்றால் காலேஜ் முடிப்பது என்றும் தெரியும். இது இரண்டில் எது? கை நடுங்குகிறது. பக்கத்தில் உம்மா, "என்னம்மா சொல்றாங்க, வாப்பாவுக்கு என்ன?" என்று தோளைப் பிடித்து உலுக்குகிறார். அதற்குள் அந்தப் பக்கம் அடுத்த வாக்கியம்: "டோன்ட் வொரி, ஹி ஹேஸ் கம் ரவுண்ட்."

வந்து சுற்றினாரா? யார், எங்கே?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. சூப்பர்வைசர் சொன்னது இவ்வளவுதான்: "உங்க வாப்பா வேலை இடத்துல மயங்கி விழுந்துட்டாங்க. பயப்படாதீங்க, மயக்கம் தெளிஞ்சிடுச்சு." நான்கு சின்ன வார்த்தைகள் புரியாததால் ஒரு குடும்பம் சில நிமிடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

பாஸ் அவுட், கம் ரவுண்ட் மாதிரியான இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்பார்கள். தமிழில் கூட்டு வினை என்று சொல்லலாம். உடம்பு சரியில்லாத நேரத்தில் இவை ஏன் இவ்வளவு குழப்புகின்றன, எதையெல்லாம் அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், எளிதாகக் கற்றுக்கொள்வது எப்படி என்று இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

நாகூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நாகூருக்கும் கடல் தாண்டிய ஊர்களுக்குமான உறவு நேற்று வந்ததல்ல. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828-30 ஆண்டுகளில் கட்டப்பட்ட நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. மலேசியாவின் பினாங்கிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா உண்டு. ரஜூலா, அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் என்று நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கிழக்கே போன கப்பல்களின் கதை இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் மறக்கவில்லை. 1985-ல் சிதம்பரம் கப்பல் தீ விபத்தில் சிக்கியதோடு அந்தக் காலம் முடிந்தது. பிறகு விமானம், வளைகுடா, இப்போது லண்டன், ஆஸ்திரேலியா என்று பட்டியல் நீள்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்கான ஆங்கிலத்தைப் போன இடத்தில் பழகிக்கொள்கிறார்கள். கடைக்கான ஆங்கிலமும் வந்துவிடும். ஆஸ்பத்திரி ஆங்கிலம் அப்படி வராது. அது தேவைப்படும் நாள், பழகிக்கொள்ள நேரம் இல்லாத நாள்.

வாமிட் புரியுது, த்ரோ அப் புரியலையே?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

நம் ஊரில் ஆங்கிலம் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து வருகிறது. அதனால் 'வாமிட்', 'ஃபெயின்ட்', 'ரெட்யூஸ்', 'இன்ஃபெக்ஷன்' எல்லாம் நமக்கு எளிதான வார்த்தைகள். பத்தாவது படித்தவருக்கும் வாமிட் தெரியும். வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு இது தலைகீழ். அவருக்கு வாமிட் கொஞ்சம் படிப்பு வாசனை அடிக்கும் சொல். குழந்தையிலிருந்து வாயில் வருவது 'த்ரோ அப்'.

அதனால் என்ன ஆகிறது? எதிரில் இருப்பவருக்கு ஆங்கிலம் சரியாக வராது என்று தெரிந்ததும், நர்ஸ் அக்கறையோடு வார்த்தையை 'எளிமை'யாக்குகிறார். "ஹேவ் யூ வாமிட்டட்?" என்று கேட்க வந்தவர், "ஹேவ் யூ த்ரோன் அப்?" என்று மாற்றிக் கேட்கிறார். அவர் நினைப்பது எளிமை. நமக்கு அது இன்னும் கஷ்டம்.

இதில் தப்பு யார் மீதும் இல்லை. ஆனால் இது தெரிந்திருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கேட்கலாம்: "டூ யூ மீன் வாமிட்?" இந்த ஒரு கேள்வி பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

தமிழில் இது இல்லையா?

'த்ரோ' என்றால் எறி, 'அப்' என்றால் மேலே. மேலே எறிந்தால் வாந்தியா என்று சிரிப்பு வரலாம். கொஞ்சம் நம் பேச்சைத் திருப்பிப் பார்ப்போம்.

நாம் வாந்தி 'எடுக்கிறோம்'. எங்கிருந்து எடுக்கிறோம்? மயக்கம் 'போட்டு' விழுகிறோம். காய்ச்சல் 'அடிக்கிறது'. மூச்சு 'வாங்குகிறது'. கொட்டாவி 'விடுகிறோம்'. ஊசியை டாக்டர் 'போடுகிறார்', நாம் 'போட்டுக்கொள்கிறோம்'. கிராமத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், "வெளிக்குப் போனீங்களா?" என்று கேட்டால், "இல்லைங்க, வீட்லயேதான் இருந்தேன்" என்று யாரும் பதில் சொல்வதில்லை.

சாவு என்ற சொல்லையும் நாம் நேராகச் சொல்வதில்லை. 'காலமானார்', 'தவறிட்டார்', 'மௌத்தாயிட்டாங்க' என்கிறோம். தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரர் 'தவறிட்டார்' என்பதை அகராதியில் தேடினால், என்ன தவறு செய்தார் என்றுதான் யோசிப்பார்.

ஆக, கூட்டு வினை நமக்குப் புதிதல்ல. தமிழில் இவற்றை யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. காய்ச்சல் வந்த நாளில் உம்மா சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஆங்கிலத்தையும் அதே வழியில், சம்பவத்தோடு சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரே 'பாஸ்', பல அர்த்தம்

முதலில் அதிகம் பயமுறுத்தும் குடும்பத்தைப் பார்த்துவிடலாம்.

பாஸ் அவுட்: மயங்கி விழுவது. இந்தியாவில் '2019 பாஸ் அவுட்' என்றால் படிப்பு முடித்தவர். இது நம் ஆட்கள் இட்டுக்கட்டியதும் இல்லை. ராணுவத்தில் பயிற்சி முடிப்பவர்களின் அணிவகுப்புக்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்றுதான் பெயர். சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் அதே பெயர்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் இதற்கு மயக்கம் என்ற ஒரே அர்த்தம்தான்.

பாஸ் அவே: இறந்துபோவது. காலமானார் என்பதுபோல மரியாதைச் சொல்.

பாஸ் ஆன்: நோயை அடுத்தவருக்குத் தொற்ற வைப்பது. "யூ மே பாஸ் இட் ஆன் டு யுவர் கிட்ஸ்" என்றால் குழந்தைகளுக்கும் தொற்றலாம் என்று எச்சரிக்கை. சில இடங்களில் இறந்துபோவதற்கும் இதைச் சொல்வார்கள். நபரைப் பற்றிப் பேசுகிறார்களா, நோயைப் பற்றிப் பேசுகிறார்களா என்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

பாஸ் வாட்டர்: சிறுநீர் கழிப்பது. "எனி பெயின் வென் யூ பாஸ் வாட்டர்?" என்று டாக்டர் கேட்டால், தண்ணீர் பாட்டிலை நகர்த்தச் சொல்லவில்லை, சிறுநீர் போகும்போது வலிக்கிறதா என்கிறார். சிறுநீரகக் கல் தானாக வெளியேறுவதை 'பாஸ் எ ஸ்டோன்' என்பார்கள். இந்த இரண்டும் இலக்கணப்படி கூட்டு வினை இல்லை. ஆனால் அதே வரிசையில்தான் வந்து குழப்பும்.

மயக்கம் தெளிவது 'கம் ரவுண்ட்'. அமெரிக்கர்கள் 'கம் டு' என்பார்கள். அசதியில் கண் அசருவது 'டோஸ் ஆஃப்'. இதையும் பாஸ் அவுட்டையும் மாற்றிச் சொல்லக் கூடாது. தூங்கிவிட்டாரா, நினைவு தப்பியதா என்பது டாக்டருக்கு ரொம்ப முக்கியம்.

வாலைப் பிடித்தால் பாதி புரியும்

கூட்டு வினையில் முன்னால் வருவது வினை. பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொல்தான் பெரும்பாலும் அர்த்தத்தைத் திருப்புகிறது. எல்லா இடத்திலும் பொருந்தாது என்றாலும், உடம்பு விஷயத்தில் இந்த வால்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

'அப்' வந்தால், உள்ளே இருப்பது மேலே வருகிறது அல்லது அதிகமாகிறது. த்ரோ அப் என்றால் வாந்தி. காஃப் அப் என்றால் இருமி வெளியே கொண்டுவருவது. ஸ்வெல் அப் என்றால் வீங்குவது. ஃப்ளேர் அப் என்றால் அடங்கியிருந்த மூட்டுவலி, தோல் நோய் மாதிரியானவை திடீரென்று கிளம்புவது.

இதில் த்ரோ அப், காஃப் அப் இரண்டையும் நன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். 'ரத்தம் ரத்தமா கக்குறாரு' என்று தமிழில் இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். இருமலோடு வரும் ரத்தம் நுரையீரல், மூச்சுக்குழாய்ப் பக்கம் டாக்டரைத் தேட வைக்கும். வாந்தியோடு வரும் ரத்தம் வயிறு, உணவுக்குழாய்ப் பக்கம் தேட வைக்கும். ஒரு வார்த்தை மாறினால் சோதனையே வேறு திசையில் போகலாம்.

'டவுன்' வந்தால், விழுவது, குறைவது, உள்ளே இறங்குவது. கம் டவுன் வித் ஃப்ளூ என்றால் ஃப்ளூவில் விழுந்தது. கட் டவுன் என்றால் குறைப்பது. "கேன் யூ கீப் எனிதிங் டவுன்?" என்று கேட்டால், எதையாவது கீழே வைக்கச் சொல்லவில்லை. சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா என்று கேட்கிறார்கள்.

'அவுட்' வந்தால், வெளியே தெரிவது அல்லது இல்லாமல் போவது. பிரேக் அவுட் இன் எ ரேஷ் என்றால் உடம்பெல்லாம் தடிப்பு கிளம்புவது. ரன் அவுட் ஆஃப் டேப்லெட்ஸ் என்றால் மாத்திரை தீர்ந்துபோவது. பாஸ் அவுட்டில் நினைவு இல்லாமல் போகிறது.

'ஆஃப்' வந்தால், விலகுவது, தேய்ந்து மறைவது. வேர் ஆஃப் என்றால் மருந்தின் வேகம் மெல்ல இறங்குவது. பல் பிடுங்கப் போட்ட மரப்பு ஊசி வேர் ஆஃப் ஆனால் வலி தெரிய ஆரம்பிக்கும். ஃபைட் ஆஃப் என்றால் உடம்பு நோயை எதிர்த்து விரட்டுவது.

'ஓவர்', 'த்ரூ' வந்தால், தாண்டுவது. கெட் ஓவர் என்றால் நோயிலிருந்து மீள்வது. புல் த்ரூ என்றால் பிழைப்பாரோ மாட்டாரோ என்ற கட்டத்தைத் தாண்டிப் பிழைப்பது. ஐ.சி.யூ. வாசலில் நிற்பவருக்கு "ஹி வில் புல் த்ரூ" என்பதைவிட நல்ல வாக்கியம் இல்லை. அது புரியாமல் நிற்பதுதான் கொடுமை.

மருந்துச் சீட்டில் மாறிப்போகக் கூடாத சொற்கள்

மயக்கமும் வாந்தியும் கண்ணுக்குத் தெரியும். கையைக் காட்டியாவது சொல்லிவிடலாம். மருந்து பற்றிச் சொல்வதைக் கைஜாடையில் புரிந்துகொள்ள முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அங்கே தப்பு நடக்கும்.

கட் டவுன், கட் அவுட்: "கட் டவுன் ஆன் சால்ட்" என்றால் உப்பைக் குறையுங்கள். "கட் அவுட் சால்ட்" என்றால் உப்பே வேண்டாம். பிரஷர், சுகர் உள்ளவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

புட் ஆன், கம் ஆஃப்: "வி வில் புட் யூ ஆன் ஆன்டிபயாடிக்ஸ்" என்றால் அந்த மருந்தை உங்களுக்கு ஆரம்பிக்கப் போகிறோம். "டோன்ட் கம் ஆஃப் தீஸ் டேப்லெட்ஸ்" என்றால் இந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 'கம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, 'மாத்திரை தீர்ந்தா வர வேணாம்னு சொல்றாங்க' என்று நினைத்தால் ஆபத்து.

டேப்பர் ஆஃப்: கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவது. நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

புட் அண்டர், புட் டவுன்: "வி வில் புட் ஹிம் அண்டர்" என்றால் ஆபரேஷனுக்காக முழு மயக்கம் கொடுக்கப் போகிறார்கள். 'புட் டவுன்' என்பது நோயுற்ற நாய், குதிரை மாதிரியான பிராணிகளைக் கருணைக் கொலை செய்வதற்குச் சொல்வது. மனிதருக்கு வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது.

நம்ம இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியுமா?

குழப்பம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. நாம் ஆங்கிலம் என்று நம்பிச் சொல்லும் சில சொற்கள் வெளிநாட்டு டாக்டரைத் திணற வைக்கும்.

'மோஷன் போகலை' என்பதை அப்படியே 'நோ மோஷன்' என்றால், கை கால் அசையவில்லை என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. லூஸ் மோஷனுக்கு அங்கே 'டயரியா'. மோஷனுக்கு 'ஸ்டூல்' அல்லது 'பவல் மூவ்மென்ட்'. 'எனக்குச் சுகர் இருக்கு' என்பதற்கு 'ஐ ஹேவ் டயாபடீஸ்'. 'பிரஷர்' என்பதற்கு 'ஹை ப்ளட் பிரஷர்'.

'சிக்' என்ற சொல் இன்னொரு பொறி. நமக்கு அது உடம்பு சரியில்லை. பிரிட்டனில் "ஐ வாஸ் சிக் ட்வைஸ்" என்றால் இரண்டு முறை வாந்தி எடுத்தேன் என்று அர்த்தம். 'ஃபீல் சிக்' என்றால் குமட்டல்.

எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டியது 'கேஸ்'. நெஞ்சு வலியை நம் ஊரில் சட்டென்று கேஸ் ட்ரபிள் என்று சொல்லிவிடுகிறோம். அது என்ன நோய் என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. நாம் சொல்ல வேண்டியது "செஸ்ட் பெயின்" என்பதை மட்டும்தான். எப்போது ஆரம்பித்தது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா என்பதை அதோடு சேர்த்துச் சொல்லலாம்.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலையா?

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1980 ஜனவரியில் நடந்தது, மருத்துவ மொழிபெயர்ப்பு வகுப்புகளில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. கியூபாவைப் பூர்வீகமாகக் கொண்ட 18 வயது இளைஞர் நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று குடும்பத்தினர் நினைத்தார்கள். அதைச் சொல்ல அவர்கள் பயன்படுத்திய ஸ்பானிஷ் சொல் 'இன்டோக்ஸிகாடோ'.

கேட்ட காதுக்கு அது ஆங்கிலத்தின் 'இன்டாக்ஸிகேட்டட்' மாதிரி இருந்தது. அதாவது போதை. போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவர் என்று நினைத்துச் சிகிச்சை நடந்தது. உண்மையில் அவருக்கு மூளைக்குள் ரத்தக் கசிவு. அது தெரியவந்தபோது தாமதமாகிவிட்டது. அந்த இளைஞரின் கையும் காலும் செயலிழந்தன. பின்னர் வழக்கில் சுமார் 7.1 கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது.

அங்கே பேசியவர்களுக்கு மொழி தெரியாமல் இல்லை. இரண்டு தரப்பும் 'புரிந்துவிட்டது' என்று நினைத்தார்கள். பாஸ் அவுட், சிக், மோஷன் மூன்றும் அந்த வகைதான். தெரியாத வார்த்தை வந்தால் நாம் கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் வார்த்தைதான் காலை வாரும்.

அவசர போனில் என்ன சொல்வது?

தமிழ்நாட்டில் 108 என்று எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அந்த ஊர் ஆம்புலன்ஸ் நம்பரைப் போனில் பதிந்து வைத்திருக்கிறார்களா என்று இன்றே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் 995. மலேசியா, பிரிட்டன், கத்தாரில் 999. ஐக்கிய அரபு அமீரகத்தில் 998. சவுதி அரேபியாவில் செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸுக்கு 997. குவைத்தில் 112. அமெரிக்காவில் 911. ஆஸ்திரேலியாவில் மூன்று பூஜ்ஜியம்.

போனில் பேசும்போது கூட்டு வினை எதுவும் வேண்டாம். புத்தக ஆங்கிலமே போதும், அதுதான் பாதுகாப்பும்கூட.

"ஹி ஃபெயின்டட்." மயங்கிவிட்டார்.
"ஹி இஸ் நாட் ப்ரீதிங்." மூச்சு இல்லை.
"ஷி இஸ் அவேக் நவ்." இப்போது நினைவு இருக்கிறது.
"ஹி வாமிட்டட் த்ரீ டைம்ஸ்." மூன்று முறை வாந்தி எடுத்தார்.
"ஷி ஹேஸ் செஸ்ட் பெயின்." நெஞ்சு வலிக்கிறது.

முதலில் இடம், பிறகு என்ன நடந்தது, பிறகு மூச்சும் நினைவும் இருக்கிறதா. இந்த வரிசையில் சொன்னால் போதும். அந்தப் பக்கம் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் இவைதான். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்க வேண்டாம்.

அதாவது, பேசுவதற்கு எளிய வார்த்தை போதும். கூட்டு வினைகளைக் கற்றுக்கொள்வது மற்றவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்வதற்கு.

புரியலைன்னு சொல்ல வெட்கப்படலாமா?

கூடவே கூடாது. அமெரிக்காவில் அரசு நிதி பெறும் ஆஸ்பத்திரிகள், ஆங்கிலம் போதிய அளவு தெரியாத நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் உதவியை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பிரிட்டனின் என்.எச்.எஸ். சேவையிலும் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. தமிழ் பேசும் ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று தயங்காமல் கேட்கலாம்.

கேட்க ஒரே வாக்கியம்: "ஐ நீட் எ தமிழ் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்."

டாக்டர் சொல்லி முடித்ததும், புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். "சோ, ஐ ஸ்டாப் திஸ் டேப்லெட் டுடே. கரெக்ட்?" என்று கேட்டால், தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைப்பதை மருத்துவத் துறையே ஒரு நல்ல வழக்கமாகப் பரிந்துரைக்கிறது. சும்மா தலையாட்டிவிட்டு வருவதுதான் தப்பு. நம் ஊர்த் தலையாட்டலில் ஆமா எது, இல்லை எது என்று பல வெளிநாட்டவருக்குப் புரிவதும் இல்லை.

நர்ஸிங் படிப்பவர்கள் கவனத்துக்கு

நோயாளிக்கு மட்டும் அல்ல, வெளிநாடு போக நினைக்கும் நர்ஸுகளுக்கும் இது வாழ்க்கைப் பிரச்சினை. நர்ஸுகள் உள்ளிட்டோரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப, தமிழ்நாடு அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது. ஆனால் பிரிட்டன் மாதிரியான நாடுகளுக்குப் போக மொழித் தேர்வைத் தாண்ட வேண்டும்.

அதில் ஒன்று ஓ.இ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட். 1980-களில் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. டாக்டர், நர்ஸ் உட்பட 12 மருத்துவத் துறைகளுக்கு இந்தத் தேர்வு உண்டு. பேச்சுத் தேர்வில் இரண்டு காட்சிகள் தருவார்கள். தேர்வெழுதுபவர் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி. நோயாளியாக நடிப்பவர் புத்தக ஆங்கிலம் பேச மாட்டார். "மை நீ இஸ் பிளேயிங் அப் அகெய்ன்" என்பார். முழங்கால் மறுபடி தொல்லை கொடுக்கிறது என்று அர்த்தம். விளையாட்டில் அடிபட்டதா என்று கேட்டால் கதை கந்தல்.

பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில், ஓ.இ.டி.யில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 'பி' கிரேடும், எழுதுதலில் 'சி பிளஸ்' கிரேடும் கேட்கிறது. நோய்களின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள்கூட, நோயாளியின் வீட்டுப் பேச்சில் சறுக்கிவிட வாய்ப்பு உண்டு.

இது உள்ளூரிலும் நடப்பதுதான். நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே பாடம் ஆங்கிலத்தில். நோயாளி சொல்வதோ, "நெஞ்சு கரிக்குதுங்க", "வயிறு பொருமுது", "கால் மரத்துப் போவுது." இளம் டாக்டர் இந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டால்தான் நோய் பிடிபடும். லண்டன் போகும் நாகூர் நர்ஸும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

எப்படிக் கற்றுக்கொள்வது?

நூறு சொற்களை வரிசையாக எழுதிப் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். சம்பவமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம், வயிறு: த்ரோ அப், கீப் டவுன்.
இரண்டாவது வாரம், மயக்கம்: பாஸ் அவுட், கம் ரவுண்ட், டோஸ் ஆஃப்.
மூன்றாவது வாரம், காய்ச்சல், தொற்று: கம் டவுன் வித், பாஸ் ஆன், ஃபைட் ஆஃப், கெட் ஓவர்.
நான்காவது வாரம், மருந்து: புட் ஆன், கம் ஆஃப், கட் டவுன், ரன் அவுட் ஆஃப், வேர் ஆஃப்.

ஒவ்வொன்றுக்கும் வீட்டில் நிஜமாக நடந்த ஒன்றை வைத்து வாக்கியம் போடுங்கள். 'போன நோன்புல நானாவுக்கு காய்ச்சல் வந்துச்சே' என்று நினைவிருந்தால், "மை பிரதர் கேம் டவுன் வித் ஃபீவர்." வெளிநாட்டில் இருப்பவரோடு வீடியோ காலில் பேசும்போது வாரம் ஒரு சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவருக்கும் அது பயிற்சி.

இன்னும் ஓர் ஆசிரியர் உண்டு. கந்தூரிக்கோ பள்ளி விடுமுறைக்கோ சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும் பேரப் பிள்ளைகள். சாயங்காலம் இறால் வாடா இரண்டுக்கு நான்காகத் தின்றுவிட்டு, ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நன்னி, ஐ'ம் கோயிங் டு த்ரோ அப்" என்று ஒரு பிள்ளை நின்றால், 'என்னத்தை வாப்பா தூக்கி எறியப் போறே?' என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. பக்கெட்டை எடுத்து நீட்டத் தெரிந்தால் போதும், நன்னி பாஸ். அதாவது, தேர்ச்சி!

முதலில் பார்த்த அந்த வீட்டுக்கே வருவோம். போனை எடுத்த மகளுக்கு இந்த இரண்டு சொற்கள் மட்டும் தெரிந்திருந்தால், உம்மா உலுக்கிக் கேட்ட அந்த நொடியிலேயே பதில் வந்திருக்கும்: "ஒண்ணுமில்லைம்மா, மயக்கம் போட்டு விழுந்துட்டாங்களாம். இப்ப தெளிஞ்சிட்டாங்களாம்."